‘காராமணி முரட்டுப் பயிர், எதையும் தாங்கும்’ என்றார் கடைக்காரர்

குடியாத்தம் வட்டத்திலிருந்து ஒரு பெண் விவசாயி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

“ஒன்றரை ஏக்கர் செம்மண் கொல்லை, போர் தண்ணீர். ஆடிப்பெருக்கு அன்று ஒன்றரை அடி சால் விட்டு காராமணி போட்டோம். முளைப்பு நன்றாக இருந்தது. ஆனால் பதினைந்து நாளில் சாரணையும் கோரையும் புல்லும் பயிரை மூடிவிட்டன. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளுக்குப் போய்விடுகிறார்கள். கடையில் கேட்டேன். ‘வேர்க்கடலைக்கு அடிக்கிற மருந்துதான், காராமணியும் பயறுதானே, முரட்டுப் பயிர், எதையும் தாங்கும். களை பெரிசாகிவிட்டது, கொஞ்சம் தூக்கலாகவே அடியுங்கள்’ என்று இமாசெதாபிர் என்ற களை மருந்து ஒரு லிட்டர் கொடுத்தார். 18ஆம் நாள், கூலிக்குத் தெளிக்கும் ஒருவர் தன் ஸ்பிரேயரோடு வந்து எட்டு டேங்க் அடித்து முடித்தார். ஒவ்வொன்றும் 16 லிட்டர்.

“இப்போது எட்டு நாள் ஆகிறது. கொல்லை முழுக்க கொழுந்து வெளுத்து மஞ்சளாகிவிட்டது. மேற்கு மூலை தாழ்வு, மழைத் தண்ணீர் நிற்கும், அங்கே மஞ்சள் இன்னும் அதிகம். அவர் அடிக்க ஆரம்பித்த கிழக்கு ஓரத்தில் செடி வேறு மாதிரி இருக்கிறது. தண்டு வளைந்து, இலை குறுகி, கிண்ணம் மாதிரி மடிந்திருக்கிறது. அதற்கு முந்தின நாள் அவர் கரும்புக்கு மருந்து அடித்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. உழுதுவிடலாமா, காத்திருக்கலாமா? பிடுங்கினால் மாட்டுக்குப் போடலாமா? கார்த்திகையில் இதே கொல்லையில் கேழ்வரகு போடலாமா? கடைக்காரரிடம் நஷ்டம் கேட்க முடியுமா? களை மருந்து எதற்கும் சாகாத காராமணி விதை வந்துவிட்டது என்று என் மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டுகிறான், அது உண்மையா? களை மருந்து பட்ட மண் மலடாகிவிடும் என்கிறார் என் கொழுந்தனார், அதையும் சொல்லுங்கள்.”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. அவசரப்பட்டு ஏர் பூட்ட வேண்டாம். உங்கள் கொல்லையில் ஒரே நேரத்தில் இரண்டு வேறு பாதிப்புகள் நடந்திருக்கின்றன. ஒன்று பெரும்பாலும் தேறிவிடும், மற்றது தேறாது. நல்லவேளையாக, எது எங்கே என்று உங்கள் கடிதமே காட்டிக் கொடுக்கிறது.

கொல்லை முழுக்க வந்திருக்கும் வெளுப்பு இமாசெதாபிரின் வேலை. இந்த மருந்து செடியின் வளர்ச்சிக்கு வேண்டிய சில அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது. அதனால்தான் பழைய இலை பச்சையாகவே இருக்க, கொழுந்து மட்டும் மஞ்சளாகி, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, செடி குட்டையாக நின்றுவிடுகிறது. பயறு வகைகள் பலவும் உள்ளே போன இந்த மருந்தைச் சில நாட்களில் உடைத்துத் தீர்த்துவிடும். காராமணியும் அப்படித்தான். கடைக்காரர் சொன்னதில் உண்மை இருப்பது இந்த அளவுக்குத்தான். அவர் சொல்லாமல் விட்டது, அந்தத் தாங்கும் சக்திக்கு ஓர் அளவு உண்டு என்பது. நல்ல ஜீரண சக்தி உள்ளவருக்குக் கல்யாண விருந்து ஒன்றும் செய்யாது. அவரையே அடுத்தடுத்து மூன்று பந்தியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

கணக்கைப் பாருங்கள். ஒன்றரை ஏக்கருக்கு 1 லிட்டர் என்றால் ஏக்கருக்கு சுமார் 670 மில்லி. கடையில் கிடைக்கும் 10 சதவீத இமாசெதாபிர் வேர்க்கடலைக்கே ஏக்கருக்கு 400 முதல் 600 மில்லிதான். அதாவது ஹெக்டேருக்கு 100 முதல் 150 கிராம் மூல மருந்து (களையைக் கொல்லும் அசல் பொருள்). உளுந்து, பச்சைப்பயறு, காராமணி போன்றவற்றுக்கு ஹெக்டேருக்கு 50 முதல் 75 கிராம் என்ற அளவில்தான் பேச்சே இருக்கிறது. ஏக்கருக்கு 200 முதல் 300 மில்லி. நீங்கள் அடித்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், குறைந்த அளவோடு பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல். தண்ணீரோ மிகக் குறைவு. எட்டு டேங்க் என்பது 128 லிட்டர். உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 300 லிட்டராவது போயிருக்க வேண்டும். கெட்டியான கரைசல், அதுவும் சீராக விழாமல் திட்டுத் திட்டாக. தெளிப்பு ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் மஞ்சள் கூடுதலாகப் பட்டை பட்டையாகத் தெரியும், பாருங்கள்.

மேற்கு மூலை அதிகம் வெளுத்ததற்கும் காரணம் இருக்கிறது. வேர் காற்றில்லாமல் தவிக்கும் செடியால் மருந்தைச் சீக்கிரம் உடைக்க முடியாது. வறட்சியில் வாடிய செடிக்கும் இதே கதிதான். ஒரே கொல்லையில், ஒரே விதையில், ஒரே மருந்துக்கு மேடு தாங்குகிறது, பள்ளம் தாங்கவில்லை. ‘இந்தப் பயிர் இந்த மருந்தைத் தாங்கும்’ என்று யாராவது ஒற்றை வரியில் சொன்னால், எவ்வளவு, எந்த நாளில், எப்படிப்பட்ட ஈரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

கிழக்கு ஓரத்தில் நடந்தது வேறு

முறுக்கிய தண்டும் கிண்ணமாக மடிந்த இலையும் இமாசெதாபிர் செய்வதில்லை. அது 2,4-டி யின் கையெழுத்து. கரும்பு, நெல், சோளம் போன்ற புல்லினப் பயிர்களில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிப்பது அது. காராமணி செடியும் அந்த மருந்தின் கண்ணுக்கு ஓர் அகன்ற இலைக் களைதான். பருத்தி, தக்காளி, திராட்சை, பயறு எல்லாமே அதன் சிறு துளிக்கே சுருண்டுவிடும்.

முந்தின நாள் கரும்புக் கழனியில் ஓடிய டேங்க்கைத் தண்ணீர் விட்டு ஒருமுறை அலசிக் கொண்டு வந்திருப்பார். குழாயிலும் வாஷரிலும் வடிகட்டியிலும் தங்கியிருந்தது முதல் டேங்க்கோடு வெளியே வந்திருக்கிறது. கிழக்கில் அதிகம், போகப் போகக் குறைவு என்றால் அதற்குப் பொருத்தமான விளக்கம் இதுதான். பக்கத்துக் கழனியிலிருந்து காற்றில் வந்திருந்தால் வரப்பை ஒட்டி நீளமாக, உள்ளே வர வர மங்கலாகத் தெரிந்திருக்கும். அசுவினி பரப்பும் தேமல் நோயிலும் இலை சுருளும். ஆனால் அது அங்கொரு செடி இங்கொரு செடியாக வரும், டேங்க் கணக்கில் வராது.

உழுவதா, விடுவதா

இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது தெளித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். முடிவெடுக்க அதுதான் சரியான நேரம். கொல்லையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐந்தாறு இடத்தில் பத்துப் பத்துச் செடியாகப் பாருங்கள். நுனிக் குருத்து உயிரோடு இருக்கிறதா? வெளுத்த இலைக்கு மேல் புதிதாக ஒரு பச்சை இலை விரிகிறதா? நுனி கருகியிருந்தாலும் கீழ்க் கணுவில் பக்கத் தளிர் வருகிறதா? பத்துக்கு ஏழு செடியில் ஆம் என்றால் விட்டுவிடுங்கள், பயிர் வரும். பூப்பது ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப் போகலாம். மேற்கு மூலையில் முதலில் வடிகால் வெட்டுங்கள், அதற்கு மருந்தைவிட அவசரம் தண்ணீர் வடிவதுதான்.

ஓரிரு செடியை வேரோடு தோண்டி, தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முண்டுகளையும் பாருங்கள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கொழுந்தனாரிடமும் அதைக் காட்டுங்கள். அவர் பயம் முழுக்கத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் மண் மலடாவதில்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் இந்த மருந்துகளை மெல்ல உடைக்கின்றன. தொழு உரமும் ஈரமும் உள்ள மண்ணில் அது வேகமாக நடக்கும்.

கிழக்கு ஓரத்துக்கு இந்த நிதானம் பொருந்தாது. ஒரு டேங்க் சுமார் 18, 20 சென்ட்டுக்குப் போயிருக்கும். அங்கே தண்டு வீங்கி வெடித்திருந்தால், குருத்து கட்டையாக நின்றிருந்தால், அந்தப் பட்டையை மட்டும் பிடுங்கிவிடுங்கள். லேசாக இலை மடிந்த செடிகள் மீளும். பிடுங்கிய இடத்தில் 2,4-டி மண்ணில் சில வாரங்களில் சிதைந்துவிடும். ஒரு மாதம் விட்டு மீண்டும் காராமணியே போடலாம்; இமாசெதாபிர் மிச்சம் மண்ணில் இருந்தாலும் சமாளிக்கக்கூடிய பயிர் அதுதான். அந்தச் சந்தில் சோளமோ கேழ்வரகோ போட வேண்டாம்.

பிடுங்கியதை மாட்டுக்குப் போடாதீர்கள். தக்காளிக்கோ கத்தரிக்கோ மூடாக்காகவும் போட வேண்டாம். அங்கேயே மண்ணில் மடித்துவிடுங்கள். மீதிப் பயிரிலும் இந்த முறை பச்சைக் காயாகப் பறித்து விற்காமல், கீரைக்கு இலை கிள்ளாமல், நெற்றாக முற்ற விட்டுப் பயறாக எடுங்கள். இமாசெதாபிர் டப்பாவின் லேபிளில் சோயாவும் வேர்க்கடலையும்தான் இருக்கும். காராமணிக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. அதற்கு மேல் நீங்கள் அடித்த அளவும் அதிகம்.

மஞ்சளைக் கண்டதும் டானிக், பச்சை கட்டும் மருந்து என்று யாராவது ஒன்றை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். யூரியாவைக் கரைத்து அடிப்பதும் இப்போது வேண்டாம். லேசான ஒரு தண்ணீர், கைக்கொத்தால் ஒரு கொத்து, அவ்வளவே. செடி தெளிந்து பூக்கத் தொடங்கும்போது 2 சதவீத டிஏபி கரைசலோ, வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற ஊட்டச்சத்துக் கலவை ஏக்கருக்கு 2 கிலோவோ, ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்.

கேழ்வரகுக் கேள்வி

நீங்கள் கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. இமாசெதாபிர் மண்ணில் தங்கும் மருந்து. மக்காச்சோளம், சோளம், கடுகு, பல காய்கறிகள் அதன் மிச்சத்துக்கே குட்டையாகிவிடும். குளிர்நாட்டு லேபிள்களில் சோளம் போட ஓர் ஆண்டுக்கு மேல் இடைவெளி கேட்கிறார்கள். நம் வெயிலில் அவ்வளவு காலம் ஆகாது என்றாலும், இரண்டு மூன்று மடங்கு அடித்த கொல்லையில் கார்த்திகைக்குள் போய்விடும் என்று நம்பி விதைக்க வேண்டாம்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. அறுவடை நெருங்கும்போது கொல்லையில் எட்டுப் பத்து இடத்தில், பள்ளத்திலும் சேர்த்து, நான்கு அங்குல ஆழ மண் எடுத்துக் கலந்து இரண்டு தொட்டியில் நிரப்புங்கள். மருந்து படாத இடத்து மண்ணை வேறு இரண்டு தொட்டியில். நான்கிலும் ஒரே அளவு கேழ்வரகு விதைத்து மூன்று வாரம் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு வேரோடு அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயரமும் வேரும் ஒத்திருந்தால் தைரியமாகப் போடலாம். கொல்லை மண்ணில் வேர் கட்டையாக இருந்தால் கேழ்வரகை விட்டுவிட்டு மார்கழிப் பட்டத்தில் வேர்க்கடலை போடுங்கள். அந்த மருந்து அதற்குப் பழக்கமானதுதான்.

காராமணிக்கு எது ஆகும், எது ஆகாது

அடுத்த பட்டத்துக்காகச் சொல்கிறேன். விதைத்த மூன்று நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, பெண்டிமெத்தலின் 30 சதவீதம் ஏக்கருக்கு ஒரு லிட்டரை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிப்பதைக் காராமணி நன்றாகத் தாங்கும். சாரணையையும் புல்லையும் முளைக்கும்போதே நிறுத்தும். முளைத்துவிட்ட களையை ஒன்றும் செய்யாது, கிழங்கிலிருந்து வரும் கோரையையும் அசைக்காது. தெளித்த மண்ணை மிதிக்காமல் பின்னோக்கி நடக்க வேண்டும். விசிறி நாசில் போட வேண்டும், பூச்சிமருந்துக்குப் போடும் கூம்பு நாசில் வேண்டாம். உங்களுடையது போன்ற லேசான செம்மண்ணில் விதை மேலாக விழுந்து, தெளித்த கையோடு பெருமழையும் பிடித்தால் தண்டின் அடி வீங்கி முளைப்பு குறையலாம். வானம் கருத்திருக்கும் நாளில் ஒருநாள் தள்ளிப் போடுங்கள்.

பயிர் முளைத்தபின் புல் மட்டும் தொல்லையென்றால் குயிசலோபாப் ஈத்தைல் 5 சதவீதம், ஏக்கருக்கு 400 மில்லி. புல் இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது. அகன்ற இலைச் செடியான காராமணிக்கு அதனால் கெடுதல் இல்லை. இமாசெதாபிர் தேவைப்பட்டால், வேளாண் அலுவலரைக் கேட்டுக்கொண்டு, களை சிறிதாக இருக்கும் 15 முதல் 20 நாளுக்குள், நான் மேலே சொன்ன குறைந்த அளவில். களை பெரிதாகிவிட்டதென்று அளவை ஏற்றினால் பெரிய களை சாவதில்லை, பயிர்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

காராமணிக்கு அறவே ஆகாத களைக்கொல்லிகள்: 2,4-டி, அட்ரசின், மெட்ரிபுசின். சோளத்திலோ மக்காச்சோளத்திலோ ஊடுபயிராகக் காராமணி போடுபவர்கள் அட்ரசினைத் தொடவே கூடாது. முந்தின பட்டத்துத் தீவன மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசினின் மிச்சம்கூடக் காராமணியில் காட்டிவிடும். பழைய இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காயும். கிளைபோசேட் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் நாட்டில் அதன் லேபிளே தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான்.

உங்கள் மகன் காட்டிய வீடியோவுக்கும் இதுதான் பதில். களைக்கொல்லிக்குச் சாகாத காராமணி விதை என்று இந்தியாவில் எதுவும் விற்பனைக்கு அனுமதிக்கப்படவில்லை. மரபணு மாற்றிய காராமணி ஒன்று 2019இல் நைஜீரியாவில் அனுமதி பெற்றது, ஆனால் அது காய்த்துளைப்பானுக்கு எதிரானது. இமாசெதாபிரைத் தாங்கும் பாசுமதி நெல் ரகங்கள் 2021இல் நம் நாட்டில் வந்தன. இரண்டையும் யாரோ ஒரே வீடியோவில் குழைத்திருக்க வேண்டும். பாக்கெட் விதைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

எல்லாம் சொன்னாலும் என் எண்ணம் இது: ஒன்றரை அடி சால் விட்டிருக்கிறீர்கள், அதுவே பெரிய சொத்து. விதைத்தவுடன் பெண்டிமெத்தலின், 25 முதல் 30 நாளில் சாலுக்கு நடுவே ஒருமுறை கைக்களைக் கருவியோ வாடகைக்குச் சிறிய பவர் வீடரோ. அதோடு காராமணி கொடி வீசி மண்ணை மூடிவிடும், பிறகு களை தலை தூக்காது. முதல் முப்பது, நாற்பது நாள்தான் போராட்டம். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, மாதம் பிறந்தால் சம்பளம் அங்கே. அதற்கேற்றபடி நம் வேலையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடைக்காரரிடம் நஷ்டம்

களைக்கொல்லியும் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகிறது. உரிமம் உள்ள கடை பில் கொடுக்க வேண்டும். பில் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பில், டப்பா, அதன் பேட்ச் எண், தேதியோடு எடுத்த படங்கள், இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்து, யாராவது வந்து கொல்லையைப் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். இதில் தாமதம் கூடாது. செடி தேறிவிட்டால் சாட்சியும் போய்விடும். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் உங்கள் பக்கம் எவ்வளவு வலு இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அளவைக் கடைக்காரர் வாயால் சொன்னார், எழுத்தில் இல்லை. கிழக்கு ஓரத்து நஷ்டத்துக்கு அவர் காரணமே இல்லை, அது டேங்க்கில் வந்தது. எதிர்த்தரப்பு இரண்டையும் குழப்பித்தான் பேசும். பயிர் தேறி, இழப்பு அந்த 20 சென்ட்டோடு நின்றுவிட்டால், வழக்குக்கு அலைவதைவிட அடுத்தமுறை எதை வாங்கினாலும் அளவைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்வது மேல். அதிகமாக அழிந்துவிட்டால் அந்த ஆய்வுக் குறிப்போடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தெளித்தவரோடு சண்டை வேண்டாம். விஷயம் தெரியாமல் செய்திருப்பார், நாளை வேறொருவர் கொல்லையிலும் அதே டேங்க் இறங்கும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரை டேங்க்கிலும் குழாயிலும் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் நாசிலைக் கழற்றி மூன்றுமுறை நல்ல தண்ணீர் ஓட்டச் சொல்லுங்கள். 2,4-டிக்கென்று தனி ஸ்பிரேயரே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. உங்களுக்கும் களை மருந்துக்கு மட்டும் சொந்தமாக ஒன்று இருந்தால் இந்தக் கவலையே வராது.

இன்னும் சந்தேகம் இருந்தால் கிழக்கிலிருந்து ஒரு செடி, மேற்கிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, மூன்றையும் வேர்மண்ணோடு தனித்தனி கவரில் போட்டு, எது எங்கே எடுத்தது என்று எழுதி, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். காலையில் பிடுங்கி அன்றே கொண்டுபோவது நல்லது. வாடிய செடியில் முறுக்கலும் மடிப்பும் சரியாகத் தெரியாது.